கண்டக்டர் இல்லாத பேருந்தில் அப்பா

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க வரும் பெற்றோரிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதலில் 'ரொம்ப சுத்தமா இருக்கு' என்பார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால், 'எங்க போறதுன்னாலும் அவங்க வந்தாத்தான்' என்பார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை எத்தனையோ நண்பர்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். என் அப்பா அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா கும்பகோணத்தில் அரசுப் பேருந்து கண்டக்டர். சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பெயர் மறைந்த பிறகு ஓய்வு பெற்றார். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர் என்று அந்தச் சாலையில் எந்தப் புளியமரத்தடியில் யார் கைகாட்டுவார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும். வேலையில் இல்லாத நாட்களிலும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு 'இதோ வந்துடறேன்' என்று கிளம்பினால் திருவையாறு போயிருப்பார், சுவாமிமலை போயிருப்பார். அப்படிப்பட்டவர், 2023 மே மாதம் அம்மாவோடு எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு, மாலை நாலரை மணி ஆனால் கராஜ் கதவருகே போய் நின்றுகொண்டு, 'மாப்பிள்ளை எப்பம்மா வருவாரு?' என்று கேட்க ஆரம்பித்தார். கேட்பது மாப்பிள்ளையை அல்ல, காரை.

எங்கள் வீடு இல்லினாய் மாநிலத்தின் நடுவே, ப்ளூமிங்டன்–நார்மல் என்ற இரட்டை ஊரின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும். கணினி வேலைக்கு வந்து தங்கிய தமிழர்கள் நிறைய உண்டு. வீடு பெரியது, காற்று நல்லது. ஆனால் நாங்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பேருந்து வராது. பால் வாங்கவும் கார், முடி வெட்டவும் கார், நடைப்பயிற்சிக்கான பூங்காவுக்குப் போகவும் கார். நடந்து போகலாம் என்றால் பாதி வழியில் நடைபாதை நின்றுவிடும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையாகவே படுவதில்லை. பதினாறு வயதில் உரிமம் வாங்கிவிடுகிறார்கள். எழுபதை நெருங்கும் வயதில் விசாவில் வந்து இறங்கியவருக்கு அந்த ஊர் என்ன தருகிறது என்று யாரும் யோசித்ததில்லை.

ஜூலையில் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, சிகாகோ என்று நான்தான் சொன்னேன். கார் எடுக்கவே கூடாது என்றும் சொன்னேன். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, முதலில் தயக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைகளில் சின்னவனுக்கு ஆறு வயது, பெட்டிகள் வேறு. 'காரைக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாவது சுற்றலாமே' என்றார். கார் இருந்தால் அதில்தான் போவோம், அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

நார்மல் நிலையத்திலிருந்து சிகாகோவுக்கு ஆம்ட்ராக் ரயில். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். செயின்ட் லூயிஸ்–சிகாகோ பாதையில் மணிக்கு 110 மைல் வேகத்துக்கு ரயில்கள் மாறியது அந்த ஜூன் கடைசியில்தான். வயல்கள் பின்னால் ஓட, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் யூனியன் ஸ்டேஷன் வந்துவிட்டது. 1925இல் திறக்கப்பட்ட நிலையம். அதன் பெரிய மண்டபத்தில் கூரை முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் அப்படியே நீளமான மர பெஞ்சுகள் மேல் விழுகிறது. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அப்பா உட்காரவில்லை. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, 'இங்கேருந்து பஸ்ஸு எந்தப் பக்கம்?' என்றார்.

பஸ் இல்லை, ரயில் என்றேன். ஆற்றைக் கடந்து நாலு தெரு நடந்தால் குவின்சி நிலையம். வழியில் வில்லிஸ் டவர். ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்த அந்த 110 மாடிக் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். அதை நான் சொன்னதும் அப்பா கழுத்தை வளைத்து ஒருமுறை பார்த்தார், தலையசைத்தார், நடந்தார். மேலே ஏறிப் பார்க்கும் ஆசை எங்கள் யாருக்கும் வரவில்லை.

சிகாகோக்காரர்கள் 'எல்' என்று சொல்லும் ரயில் பாதி ஊரில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள் மீது ஓடுகிறது. முதல் பாதை 1892 ஜூனில் நீராவி இன்ஜினோடு தொடங்கியது. தெருவின் மேல் பாதை போட வேண்டுமென்றால் அந்தத் தெருவில் மனை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம். அதற்குப் பயந்து அந்தக் கம்பெனி வீடுகளின் பின்பக்கச் சந்துகளின் மேலாகவே பாதையைக் கொண்டுபோனது. நகரின் மையத்தை வளைத்துச் சுற்றும் 'லூப்' என்ற இரும்பு வட்டம் 1897இல் முடிந்தது. குவின்சி நிலையம் அந்த ஆண்டைச் சேர்ந்தது. பழைய மரவேலைப்பாட்டை அப்படியே மீட்டு வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட் இயந்திரத்தின் முன்னால்தான் அப்பாவுக்கு முழு விழிப்பு வந்தது. வென்ட்ரா என்ற அட்டை. அப்போது மூன்று நாள் பாஸ் 15 டாலர். ரயில், பேருந்து இரண்டிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. பாஸ் வேண்டாமென்றால் ரயிலுக்கு இரண்டரை டாலர், பேருந்துக்கு இரண்டே கால். அப்பா என்னை நிறுத்தினார்.

'எத்தனை ஸ்டேஜுக்கு?'

'ஸ்டேஜெல்லாம் கிடையாதுப்பா. எவ்வளவு தூரம் போனாலும் இதே காசு.'

'அடுத்த ஸ்டாப்புல எறங்கினாலும்? கடைசி வரைக்கும் போனாலும்?'

'ஆமாம்.'

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நான் அவருக்கு இன்னொன்றும் சொன்னேன்: பேருந்தில் ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பாக்கி தர மாட்டார்கள். அதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. டிக்கெட்டின் பின்னால் பாக்கிச் சில்லறையை எழுதிக் கொடுத்து, இறங்கும் இடத்தில் மறக்காமல் கூப்பிட்டுக் கொடுப்பதை ஒரு மானப் பிரச்சினையாக வைத்திருந்தவர் அவர். 'பாக்கி தராம எப்படி?' என்று படியேறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அட்டையை ஆளுக்கொன்றாகத்தான் வாங்கினோம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பா தன்னுடையதைச் சட்டைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஊரில் அடையாள அட்டை வைக்கும் அதே இடம்.

நாங்கள் தங்க வாடகைக்கு எடுத்திருந்த வீடு நகரின் வடக்கே, லிங்கன் ஸ்கொயர் பகுதியில். பிரவுன் லைன் ரயில் லூப்பை இடப்புறமாகச் சுற்றும். குவின்சியில் ஏறினால் வட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டுத்தான் வடக்கே திரும்பும். சிலர் நடந்துபோய் வேறு நிலையத்தில் ஏறிச் சில நிமிடங்களை மிச்சம் பிடிப்பார்கள். எங்களுக்கு அந்தச் சுற்றுதான் ஊர்வலம். இரண்டாவது மாடி சன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. வளைவுகளில் சக்கரம் கிறீச்சிடும் சத்தத்துக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆடம்ஸ்–வாபாஷ் நிலையத்தில் ரயில் நின்றபோது, வலப்பக்கத் தெருவின் முடிவில் ஒரு பெரிய கட்டடமும் படிகளும் தெரிந்தன. 'அம்மா, அதுதான்' என்றேன். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் பெட்டியில் ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியை ஒட்டி ஒரே ஓர் இருக்கை உண்டு. நகர மையத்தைத் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டான். தண்டவாளம் நேராகத் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தபடி, ஒவ்வொரு நிலையத்திலும் 'டோர்ஸ் க்ளோசிங்' என்று அறிவிப்புக் குரலோடு சேர்ந்து சொன்னான். அப்பா அவனுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் காலியாக இருந்தும் நின்றார். பழக்கம்.

அவருடைய பார்வை ஓட்டுநர் மீதே இருந்தது. எட்டுப் பெட்டி ரயிலை ஒரே ஆள் ஓட்டுகிறார், கதவு திறக்கிறார், சன்னலில் தலை நீட்டிப் பார்க்கிறார், மூடுகிறார். 1990களின் கடைசிவரை இந்த ரயில்களிலும் கண்டக்டர்கள் இருந்தார்கள் என்று இவர் கைபேசியில் படித்துச் சொன்னார். 'அப்ப அவங்கள்லாம் என்ன ஆனாங்க?' என்று அப்பா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்ட கேள்விகளிலேயே அது ஒன்றுதான் இன்றும் என் மனதில் நிற்கிறது. ஒரு வேலை ஒழிந்துபோனது எங்களுக்கு ஒரு தகவல். அவருக்கு அது ஓர் ஆள்.

இவருக்கு ரயில் இயந்திரங்களில் பித்து உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார் வைத்து, எல்லாவற்றையும் முன்னாலிருக்கும் ஒருவரே இயக்கும் முறையை ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் முதன்முதலில் ஓட்டிக் காட்டியது இதே சிகாகோவின் தெற்குப் பக்க மேம்பாதையில், 1898 வாக்கில். 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் அந்த வழியில் வந்ததுதான். இதைக் கேட்டதும் அப்பா மாப்பிள்ளையை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

வெஸ்டர்ன் நிலையத்தில் இறங்கினோம். அந்த வீட்டை எடுத்ததற்குக் காரணமே அந்த நிலையத்தில் லிஃப்ட் இருந்ததுதான். 'எல்' நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் அப்போதும் லிஃப்ட் கிடையாது. படிகள்தான். 2038க்குள் எல்லா நிலையத்திலும் வைத்துவிடுவதாகத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்கள் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கும் நிலையமாகப் பார்த்துத் தங்குமிடம் எடுப்பது நல்லது. பேருந்தில் அந்தக் கவலை இல்லை.

பேருந்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை மிச்சிகன் அவென்யூவில் 151ஆம் எண் பேருந்துக்கு நின்றிருந்தோம், லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்குப் போக. (அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, பெரியவளுக்குச் சிங்கம், சின்னவனுக்குப் பண்ணை மாடு.) பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஒரு கறுப்பினப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். அம்மா கைப்பிடியைத் தொட்டுவிட்டு, படியின் உயரத்தைப் பார்த்துத் தயங்கினாள். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது. வண்டியின் முன்பக்கம், நாங்கள் நின்ற ஓரமாக, மெல்லச் சாய்ந்து இறங்கி நடைபாதையின் மட்டத்துக்கு வந்தது. அம்மா பயந்து கையை எடுத்துவிட்டாள். ஓட்டுநர் கையால் சைகை காட்டி, 'மெதுவா வாங்கம்மா, அவசரமே இல்லை' என்ற பொருளில் ஏதோ சொன்னார். அம்மா ஓரெட்டில் உள்ளே வந்துவிட்டாள். ஏறியதும் வண்டி மறுபடி நிமிர்ந்தது.

'பஸ்ஸு எனக்காகக் குனிஞ்சுதுடி' என்றாள் அம்மா, உட்கார்ந்ததும். பக்கத்தில் இருந்தவருக்கும் அதைத் தமிழிலேயே சொன்னாள்.

முன்வரிசை இருக்கைகள் முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் ஒதுக்கப்பட்டவை. இரண்டு இளைஞர்கள் யாரும் கேட்காமலே எழுந்து பின்னால் போனார்கள். அடுத்த நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர். ஓட்டுநர் பொத்தானை அழுத்த, வாசலில் இருந்து ஒரு பலகை வெளியே விரிந்தது. அவர் ஏறினார், ஓட்டுநர் எழுந்துவந்து நாற்காலியைப் பட்டையால் கட்டினார், உட்கார்ந்தார், கிளப்பினார். இதற்கு ஆன நேரத்தில் உள்ளே ஒருவர்கூட உச்சுக்கொட்டவில்லை. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது முன்வாசல் வழியாகவே இறங்கி, ஓட்டுநரிடம் நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, 'ஐ கண்டக்டர். இண்டியா. பஸ்' என்றார். அந்தப் பெண்மணி வாய் நிறையச் சிரித்து, கை நீட்டினார். அப்பா குலுக்கினார். பின்னால் இறங்க நின்றவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கா வந்த பிறகு அப்பா தன் வேலையைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்ட முதல் மனிதர் அவர்தான்.

சன்னலோரமாக ஒரு மஞ்சள் கயிறு வண்டியின் நீளத்துக்கும் ஓடும். இறங்க வேண்டுமானால் அதை இழுக்க வேண்டும்; மணி அடித்து, முன்னால் விளக்கு எரியும். இந்தக் கயிற்றுக்காகச் சின்னவனும் பெரியவளும் போட்ட சண்டை கொஞ்சமல்ல. ஆளுக்கொரு முறை என்று பஞ்சாயத்துப் பேசி வைத்தோம். அம்மாவையும் இழுக்கச் சொன்னார்கள். 'எனக்கெதுக்குடா, தப்பா இழுத்துட்டா அந்தம்மா திட்டப்போவுது' என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அம்மாவின் இடத்துக்குப் போனோம். ஆர்ட் இன்ஸ்டிட்யூட். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் ஓவியக்கூடம். 1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமயப் பேரவை கூடியதும், விவேகானந்தர் பேசியதும் இங்கேதான். கும்பகோணத்தில் வளர்ந்த பெண்களுக்கு அந்தப் பெயர் வெறும் பாடப் புத்தகப் பெயர் அல்ல. சிகாகோவிலிருந்து திரும்பிய அவர் 1897இல் கும்பகோணத்தில் தங்கிப் பேசியிருக்கிறார். அவர் கப்பலேறுவதற்கான பணத்தைச் சென்னையில் வீடு வீடாகப் போய்த் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். இதையெல்லாம் அம்மா பேரக்குழந்தைகளுக்குப் படியில் உட்கார்ந்து சொன்னாள். எனக்குத் தெரியாத ஒரு பகுதியையும் சொன்னாள். பேரவைக்கு முன்னால் அவர் ரயிலில் வந்து இறங்கியபோது, போக வேண்டிய முகவரிச் சீட்டைத் தொலைத்துவிட்டாராம். ரயில் நிலைய யார்டில் கிடந்த ஒரு காலிச் சரக்குப் பெட்டியில் இரவைக் கழித்தார். காலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி வழி கேட்டும் பலனில்லாமல் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டிலிருந்து திருமதி ஹேல் என்ற பெண்மணி இறங்கி வந்து, நீங்கள் சமயப் பேரவைக்கு வந்தவரா என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனார்.

'பொட்டியிலயா படுத்துத் தூங்கினார்?' என்று சின்னவன் கேட்டான்.

'ஆமாடா கண்ணு. குளிருக்கு வேற எடமில்ல.'

ஓவியக்கூடம் இருக்கும் தெருமுனையில் விவேகானந்தர் பெயரில் கௌரவப் பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. அம்மாவை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தோம். உள்ளே போய் ஓவியங்களைப் பார்த்தது பெரியவளும் நானும். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

'அந்தக் கண்காட்சி நடந்தது எங்க?' என்று அம்மா கேட்டாள். சமயப் பேரவை நடந்தது கொலம்பஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி; கண்காட்சி நடந்த ஜாக்சன் பார்க் தெற்கே சில மைல் தள்ளி. அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோகத்தான் முதல் 'எல்' பாதையை 1893இல் அந்தப் பூங்காவரை நீட்டினார்கள். இப்போது 6ஆம் எண் பேருந்து போகிறது. எங்களுக்கு அந்த முறை நேரம் அமையவில்லை.

கடைசி நாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பா குளித்து, சட்டை போட்டு, மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தாளில் ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் 4700, மறுமுனையில் 6400.

முந்தைய இரண்டு நாளும் அவர் விடியற்காலையில் தெருவில் நடந்திருக்கிறார். எங்கள் நிலையத்துக்கு மேற்கே போனால் பிரவுன் லைன் தூண்களிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடும். ராக்வெல் தெருவில் ரயில்வே கேட். மணி அடிக்கும், கட்டை இறங்கும், ரயில் போகும், நாய் பிடித்து நடப்பவர்கள் காத்திருப்பார்கள். 1907இல் போட்ட பாதை. அங்கே நின்று ரயில் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அப்போதுதான் தெருப் பலகைகளில் உள்ள எண்களைக் கவனித்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெளிந்திருக்கிறார்.

சிகாகோவின் எண்கள் அழகானவை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 800 எண் கூடும். எந்தத் தெருவில் நின்றாலும், மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று வீட்டு எண்ணே சொல்லிவிடும். 1909இல் வந்த முறை இது. இதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் எட்வர்ட் பிரென்னன். சிறுவயதில் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவர், பிறகு கடைப் பாக்கி வசூலிக்கத் தெருத்தெருவாக அலைந்தவர். முகவரி கிடைக்காத கஷ்டம் அவருக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இதை யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் ஸ்டேஜ் எண்களோடு வாழ்ந்தவர். 'வெஸ்டர்ன் ரோட்டுல நேரா வடக்க. நாம 4700. டெவான் 6400. பதினேழு நூறு. ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல. 49பி பஸ்ஸு ஸ்டேஷன் வாசல்லயே நிக்குது. நான் போயிட்டு வரேன்.'

டெவான் அவென்யூ என்றால் இந்தியக் கடைத்தெரு. பட்டேல் பிரதர்ஸ் மளிகை 1974இல் முதல் கடையைத் திறந்த தெரு. பக்கத்திலேயே பாகிஸ்தான் கடைகள், யூதர்களின் ரொட்டிக் கடை. எல்லோருமாகத்தான் போவதாக இருந்தோம்.

இவர் கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதியைப் போட்டுத் தருகிறேன் என்றார். அப்பாவின் கைபேசி வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு வயிற்றில் ஒரு பயம் இருந்தது, உண்மை. மகள் பயப்படுவாள் என்று தெரிந்தால் சட்டையைக் கழற்றிவிடுவார். 'வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்கப்பா' என்றேன்.

தாளை மடித்து, அட்டை இருந்த பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் காலைப் பொழுதில் நான் என்ன செய்தேன் என்பது முக்கியமில்லை. பெட்டி கட்டினேன், கட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டினேன். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் வாசலில் அவர் குரல் கேட்டது. கையில் இரண்டு பை. கறிவேப்பிலை, ஒரு முறுக்குப் பொட்டலம், வெற்றிலை. முகம் வியர்த்திருந்தது. மே மாதத்துக்குப் பிறகு நான் கேட்டிராத சத்தத்தில் பேசினார்.

'போகும்போது கூட்டமே இல்ல. பன்னெண்டு நிமிஷம். டிரைவர் ஒரு மெக்ஸிகோக்காரர்னு நெனக்கிறேன், டெவான்னு கேட்டேன், தலையாட்டினார், அந்த எடம் வந்ததும் கண்ணாடியில என்னைப் பார்த்துக் கைகாட்டினார். கடையில நம்ம ஐதராபாத் பையன். அங்கிள் யாரோட வந்தீங்கன்னான். நானே வந்தேன்னேன். வரும்போது ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கிட்டேன், நம்பர் பார்த்துட்டே நடந்து வரலாம்னு.'

நானே வந்தேன்னேன் என்பதை அவர் அம்மாவிடம் ஒருமுறை, மாப்பிள்ளையிடம் ஒருமுறை சொன்னார். பிற்பகல் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டதற்கும் அதையே சொன்னார்.

இந்த நாட்டில் பேருந்தும் ரயிலும் கார் வாங்க முடியாதவர்களுக்கானவை என்று நினைப்பவர்கள் நிறைய. எங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர்களிலும் உண்டு. சிகாகோவில் ரயிலில் போனோம் என்றதும், 'பயமா இல்லையா?' என்றுதான் கேட்டார்கள். இரவில் காலிப் பெட்டியில் ஏறாதே, கூட்டம் இருக்கும் பெட்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறு என்பது எந்தப் பெரிய ஊருக்கும் பொருந்தும் எச்சரிக்கை. அதை நாங்களும் கடைப்பிடித்தோம். ஆனால் பயம் என்று பேச வேண்டுமென்றால், எழுபது வயதுக்காரர் ஒருவர் பால் வாங்கக்கூட இன்னொருவர் வந்து கூட்டிப்போகும்வரை கதவருகே நிற்க வேண்டிய ஊர்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் அந்த வயது வரும். அப்போது நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை இவரோடு பேச ஆரம்பித்திருக்கிறேன்.

செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் தனியாக மறுபடி போனார்கள். திட்டம் முழுக்க அப்பாவுடையது. நாங்கள் நார்மல் நிலையத்தில் கொண்டுவிட்டதோடு சரி. அதற்குள் அம்மாவின் கைபேசிக்கு இங்கத்திய சிம் போட்டிருந்தோம். இருவரும் 6ஆம் எண் பேருந்தில் ஏரிக்கரை வழியாகத் தெற்கே போய், கண்காட்சி நடந்த இடத்தைப் பார்த்தார்கள். அன்றைய கலை மாளிகைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது அறிவியல் அருங்காட்சியகமாக. திரும்பும் வழியில் அம்மா பேருந்திலிருந்தே கூப்பிட்டாள். வலப்பக்கம் முழுக்க ஏரி, கடலாட்டம் இருக்கு, மறுகரையே தெரியல என்றாள். மாளிகையில் தூண்களுக்குப் பதில் பெண் சிலைகள் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். நடுவில் அப்பாவின் குரல் கேட்டது. முன் இருக்கையில் யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். யாருடன் பேசுகிறார் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அம்மா அவசரப்பட்டாள்.

'அப்புறம் பேசறேன்டி. நம்ம ஸ்டாப்பு வருது, கயிறு இழுக்கணும்.'